அஞ்சு நாப்பது வண்டி

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள் கனகவல்லி. வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் படிக்க வந்தவர் ஜோதிமணி. வயது ஐம்பத்திரண்டு. மில் மூடியபிறகு வந்து சேர்ந்தவர். குருவை அவர் தங்கச்சி என்பார். சீடரை அவள் அண்ணே என்பாள். ஆனாலும் குரு குருதான்.

ஒருநாள் மத்தியானம் பேச்சியம்மா என்ற பெண், பழைய சேலையில் சுற்றிய கம்ப்யூட்டரை மடியில் வைத்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

“பஸ் ஓட்டுற கேம்மா. தொட்டா பேரு வருது. அப்புறம் இருட்டாயி தானா மூடிக்கிடுது.”

“யாரு விளையாடுறது? பேரனா?” என்றார் ஜோதிமணி.

“எங்க வீட்டுக்காரரு.”

ஜோதிமணிக்குச் சிரிப்பு வந்தது. பேச்சியம்மா சிரிக்கவில்லை.

“முப்பத்தாறு வருசம் தென்காசி வண்டி ஓட்டினவரு. சக்கரை வந்து ஒரு காலை எடுத்தாச்சு. மருமகன்தான் இந்தக் கேமைப் போட்டு, ஸ்டியரிங்கு, கியரு எல்லாம் வாங்கி மாட்டிக் குடுத்தாரு. விடிகாலம் அஞ்சு நாப்பதுக்குக் காக்கிச் சட்டையை மாட்டிக்கிட்டு உக்காந்துருவாரு. தென்காசி போயிட்டு வந்துதான் இட்லி, மாத்திரை எல்லாம். இப்ப நாலு நாளாச் சுவரைப் பாத்துப் படுத்துக் கிடக்காரு. மாத்திரையை நீட்டினா வாயத் தொறக்க மாட்டேங்காரு.”

கனகவல்லி கம்ப்யூட்டரை வாங்கி மேசையில் வைத்தாள்.

சாயங்காலம்வரை ஜோதிமணி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். விண்டோஸை அப்டேட் செய்தார். உள்ளே இருந்த தூசியை ஊதினார். கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கேம் திறக்க ஒவ்வொரு தடவையும் ஆறு நிமிஷம் பிடித்தது. பேர் வந்தது. இருட்டானது. மூடிக்கொண்டது. ஆறு நிமிஷம் காத்திருந்து அது சாவதைப் பார்க்க வேண்டியிருந்தது.

“பூராத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திரலாமா தங்கச்சி?”

“ஏத்தினா?”

“தொறந்துக்கிடும்.”

“அதுல தென்காசி ரோடு இருக்குமா?”

ஜோதிமணி மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

“மருமகன் வெளிய இருந்து கொண்டாந்து சேத்தது இருபத்தினாலு இருக்கு. நம்மூரு வண்டி, ரோடு, ஹாரன், எல்லாம். அழிக்காதீங்க. ஓரமா எடுத்து வச்சிட்டுத் தொறங்க.”

எடுத்து வைத்தார். கேம் திறந்தது. பனி பெய்கிற ஏதோ ஒரு ஊர், ஏதோ ஒரு பஸ்.

“அப்ப அந்த இருபத்தினாலுல ஏதோ ஒண்ணுதான்.”

“பாதியைப் போடுங்க.”

பன்னிரண்டைப் போட்டார். ஆறு நிமிஷம். திறந்தது.

“மாட்டிக்கிட்டான். மத்த பாதியிலதான் இருக்கான்.”

அந்தப் பன்னிரண்டை மட்டும் போட்டார். ஆறு நிமிஷம். அதுவும் திறந்தது. இருபத்தினாலையும் ஒன்றாகப் போட்டார். செத்தது.

“இதுல பேய் இருக்கு தங்கச்சி.”

“கோடாங்கியைக் கூப்பிடுங்க. அவரும் ஆறு நிமிஷம் உடுக்கடிக்கட்டும்.” கனகவல்லி கொட்டாவி விட்டாள். “முதல் பன்னெண்டு அப்படியே இருக்கட்டும். மத்தது ஒண்ணொண்ணாச் சேருங்க. ஒரு தடவைக்கு ஒண்ணு. ரெண்டு போட்டிராதீங்க.”

மறுநாள் காலையில் தொடங்கினார். நடுவில் கரண்ட் போனது. வந்தபிறகு அவசரத்தில் இரண்டைச் சேர்த்துப் போட்டுவிட்டார். குரு திரும்பிக்கூடப் பார்க்காமல், “எடுங்க” என்றாள். எடுத்தார்.

பேச்சியம்மா போன் செய்தாள். “ஆச்சாம்மா?”

“பாத்துக்கிட்டு இருக்கோம்க்கா.”

“நீராகாரம் மட்டும் குடிச்சாரு. சட்டையை மடிச்சுப் பெட்டியில வைக்கச் சொல்லிட்டாரு.”

ஜோதிமணி சாப்பிடப் போகவில்லை. ஒன்பதாவதைச் சேர்த்தபோது கேம் செத்தது. அந்த ஒன்பதாவது, ஜனக்கூட்டம். அதை வைத்துக்கொண்டு, முதல் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பார்த்தார். சாயங்காலம் நாலரைக்குத்தான் பிடிபட்டது. கூட்டம் இருந்தால் கண்டக்டர் விசில் இருக்கக்கூடாது. விசில் இருந்தால் கூட்டம் இருக்கக்கூடாது. தனித்தனியாக இரண்டும் நன்றாக ஓடின.

“போன வாரம் வரைக்கும் ஒண்ணாத்தான இருந்துச்சு?”

“கேம் தானா அப்டேட் ஆயிருக்கு. இப்ப ஒண்ணா இருக்க முடியல.”

“எது மேல தப்பு தங்கச்சி?”

“ரெண்டு மேலயும் இல்ல.”

“அப்ப எதை எடுக்க?”

“நீங்க சொல்லுங்க அண்ணே.”

அவருக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கூட்டத்தில் நூற்றுக்கணக்கான முகங்கள் இருந்தன. கூடை வைத்த பூக்காரி இருந்தாள், பை மாட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தார்கள். விசில் என்பது மூன்று விநாடிச் சத்தம்.

“ஆளு இல்லாம பஸ் எதுக்கு?” என்று விசிலை எடுத்தார்.

சரியென்று குரு கம்ப்யூட்டரை அணைத்தாள். பட்டினியில் ஜோதிமணியின் முகம் வாடிப்போயிருந்தது. அவளுக்கும் கழுத்து வலித்தது. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் பேச்சியம்மா வீட்டுக்குப் போனார்கள்.

வெள்ளைச்சாமி டிரைவரைப் பேச்சியம்மா எழுப்பி உட்கார வைத்தாள். அவர் கட்டையை ஊன்றி வந்து நாற்காலியில் அமர்ந்தார். பெட்டியிலிருந்து சட்டையை எடுத்து அவளே மாட்டிவிட்டாள்.

ஆறு நிமிஷம். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வந்தது. ஜனங்கள் ஏறினார்கள்.

“பாத்தீங்களாய்யா, பூக்காரம்மாகூட ஏறுறாங்க” என்றார் ஜோதிமணி.

“ம்.”

எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். வண்டி நகரவில்லை.

“எடுக்க வேண்டியதுதான?” என்றாள் பேச்சியம்மா.

“எடுக்கலாம்.”

எடுக்கவில்லை. ஒரு நிமிஷம் போனது. இரண்டு, மூன்று போனது. பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது.

“ஏங்க, உங்களுக்கு டைம் கீப்பரும் நான்தானா? எடுங்களேன்.”

அவர் கியரில் கை வைத்தார். சற்று நேரம் அப்படியே இருந்தார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நல்லா இருக்கு தம்பி. ரொம்பச் சிரமப்பட்டிருக்கீங்க. நாளைக்குப் பாக்கேன்” என்று கட்டையைத் தேடினார்.

ஜோதிமணி குருவைப் பார்த்தார். பேச்சியம்மா யாரையும் பார்க்கவில்லை.

“இன்னொரு ஆறு நிமிஷம் உக்காருங்கய்யா” என்றாள் கனகவல்லி.

கேமை மூடினாள். கூட்டத்தை எடுத்தாள். விசிலைப் போட்டாள். மறுபடி திறந்தாள். அந்த ஆறு நிமிஷமும் அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

அதே பஸ் ஸ்டாண்டு. நடைமேடையில் ஒரு ஈ காக்கை இல்லை. அத்தனை சீட்டும் காலி. இன்ஜின் ஓடியது.

பின்னாலிருந்து இரண்டு விசில் கேட்டது.

வெள்ளைச்சாமியின் கை தானாகக் கியருக்குப் போனது. வண்டி பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து, வளைந்து, தென்காசி ரோட்டில் ஏறியது. பேச்சியம்மா அடுப்படிக்குப் போய் இட்லிப் பானையை ஏற்றினாள்.

இரண்டு பேரும் தெருவுக்கு வந்தார்கள்.

“ஒரு ஆளு இல்ல தங்கச்சி. கூட்டம் நிறைஞ்ச வண்டியை எடுக்காதவரு, காலி வண்டியை எப்படி ஓட்டுறாரு?”

கனகவல்லி குனிந்து செருப்பின் வாரை மாட்டினாள்.

“முப்பத்தாறு வருசத்துல அவரு என்னைக்கு அண்ணே திரும்பிப் பாத்திருக்காரு?”