பந்தியில் கேட்ட குரல்

"சாமி, நாளைக்கு எனக்குக் காவி வேண்டாம். நான் அதுக்குத் தகுதி இல்லாதவன்" என்றார் தவசிமுத்து.

அந்த ஆற்றங்கரை மடத்தின் சீடர் அவர். வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. குருவுக்கு நாற்பதுதான். தன்னைவிடச் சின்னவர் காலில் எப்படி விழுவது என்று யோசித்துத் திரும்பிப் போனவர்கள் பலர். தவசிமுத்து யோசிக்கவில்லை, விழுந்துவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"மத்தியானம் பந்தியில கத்திட்டேன்."

"கேட்டுச்சு."

"இங்க வரைக்குமா?"

"அக்கரையில துணி துவைச்சவங்களே நிமிர்ந்து பார்த்தாங்க."

தவசிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

நடந்தது இதுதான். இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. மடத்துக்கு அரிசி கொடுக்கும் பண்ணையார் அப்புறம்தான் வந்தார். பரிமாறுகிறவர் பதறிப்போய், ஓர் இலை முன் இருந்த வழிப்போக்கரை எழுந்திருக்கச் சொன்னார். அந்த மனிதரும் இதெல்லாம் பழக்கம்தான் என்பதுபோல எழுந்தார்.

"உட்காருங்க ஐயா! முதல்ல வந்தவருக்குத்தான் முதல் இலை!"

மடத்தில் யாரிடமும் அதிர்ந்து பேசியறியாத தவசிமுத்துவின் குரல் அது. பண்ணையார் அடுத்த பந்தி வரைக்கும் நின்றார். நன்றாக வேண்டும்.

"செஞ்சது தப்பா?" என்று கேட்டார் குரு.

"செஞ்சது சரி சாமி. கத்தினதுதான் தப்பு."

"மெதுவாச் சொல்லியிருந்தா?"

"அந்த வழிப்போக்கர் எந்திரிச்சுப் போயிருப்பார்."

குரு சிரித்துவிட்டார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவி வாங்குகிறவர் சபை நடுவில் நின்று தன் நல்ல குணம் ஒன்றையும், அதைத் தனக்குத் தந்தவர் பெயரையும் சொல்ல வேண்டும். மறுநாள் முதல் அந்தப் பெயர் விடியற்காலைப் போற்றியில் சேர்ந்துவிடும். இதுவரை எல்லோரும் மகான்கள் பெயராகப் பார்த்துத்தான் சொல்லியிருந்தார்கள்.

"யார் பேரைச் சொல்றதா இருந்தீங்க?"

"எனக்கு நீதி நூல் பாடம் சொன்ன புலவர் ஐயா பேரை. நியாயம்னா என்னன்னு அவர்கிட்டதான் கத்துக்கிட்டேன்."

"அவர் கத்துவாரா?"

"சேச்சே! இருமினாக்கூடத் துண்டால வாயைப் பொத்திக்குவார்."

"இடுப்புல கை வைப்பாரா?"

"சாமி?"

"இடது கையை இடுப்புல ஊன்றி, வலது கை விரலைப் பண்ணையார் மூக்குக்கு நேரா நீட்டி நின்னீங்களாமே. அது எந்த நூல்ல இருக்கு?"

தவசிமுத்துவின் முகம் கறுத்தது. தன் இடது கையைக் குனிந்து பார்த்தார்.

"எங்க அம்மா அப்படித்தான் நிப்பா."

"பேரு?"

"வெயிலுகந்தம்மா. ஊரறிஞ்ச சண்டைக்காரி சாமி. தெருக்குழாயில தண்ணி வந்தா எங்க தெருவே காதைப் பொத்திக்கும். நடுவுல எவளாவது குடத்தை நுழைச்சா தொலைஞ்சா. பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக் குடத்தையே எட்டி உதைச்சவ. பள்ளிக்கூடத்துல என்னைக் 'குழாயடி'ன்னுதான் கூப்பிடுவாங்க. அந்த வெட்கத்துலதான் நான் அடங்கிப் பேசப் பழகினேன்."

"தலைவர் வீட்டுக் குடத்தை எதுக்கு உதைச்சாங்க?"

"பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கால் சரியில்ல. முண்டியடிக்க முடியாது. அவங்க முறையில தலைவர் வீட்டு ஆளுங்க குடத்தைக் கொண்டுவந்து வச்சாங்க."

"உங்க குடம்?"

தவசிமுத்து குருவைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க குடம் அப்பவே நிறைஞ்சிருச்சு சாமி."

குரு எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் சபை கூடியது. முன்வரிசையில் பண்ணையார் உட்கார்ந்திருந்தார். தவசிமுத்து நடுவில் வந்து நின்றார்.

"முறை தவறினா எனக்குப் பொறுக்காது. அந்தக் குணத்தை எனக்குத் தந்தவங்க..." குரல் இறங்கியது. "வெயிலுகந்தம்மா."

"கடைசி வரிசைக்குக் கேட்கல" என்றார் குரு.

தவசிமுத்து நிமிர்ந்தார். அத்தனை வருட வெட்கம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை. பெருமையில் நெஞ்சு விம்மியது.

"வெயிலுகந்தம்மா! என்னைப் பெத்தவங்க!"

அக்கரைக்கும் கேட்டிருக்கும்.

பண்ணையார் ஏளனமாகச் சிரித்தார். "எந்த மடத்துல இருந்தாங்க அந்தம்மா?"

"மடத்துல இல்லைங்க. தெருக்குழாயில" என்றார் தவசிமுத்து. "அவங்க அங்க நின்ன வரைக்கும், ஒரு குடம்கூட முறை தப்பி நிறைஞ்சதில்ல."