மூன்று மெத்தை மகாராஜாவும் உலகளந்தானும்

மருதங்காட்டு ராஜா நின்று யாரும் பார்த்ததே இல்லை. சபைக்கு எல்லாருக்கும் முன்னால் வருவார். எல்லாரும் போன பிறகுதான் இறங்குவார். சிம்மாசனத்தில் மூன்று மெத்தை, தலையில் ஒரு முழ உயரத்துக்குத் தலைப்பாகை. ஏன் என்று கேட்கிறீர்களா? ஆள் குள்ளம் ஐயா! ஊருக்கே தெரியும். ஆனால் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. ராஜா விஷயம் என்றால் அப்படித்தான்.

தாம் குள்ளம் என்பதாலோ என்னவோ, நெட்டையர்களைக் கண்டால் ராஜாவுக்கு ஒரு மயக்கம். மந்திரி மலையப்பர் அதை வைத்தே பிழைத்தார். பனைமரம் மாதிரி ஆள். அவர் உள்ளே நுழைந்தால் கூட்டம் தானாக வழிவிடும். "நாளைக்குப் பொழுது விடியும்" என்று அவர் சொன்னால்கூட, "ஆஹா, என்ன தீர்க்கதரிசனம்!" என்பார்கள்.

அதே சபையில் வேடிக்கை பேசிப் பிழைத்தவன் உலகளந்தான். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர். ஆளோ மலையப்பரின் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. அவன் ஒரு யோசனை சொன்னால், "யாருப்பா பேசுறது?" என்று எல்லாரும் அண்ணாந்து தேடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதையே மலையப்பர் சொல்வார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். உலகளந்தானுக்கு வயிறு எரியும். எரியாதா பின்னே?

அவன் செங்கமலத்தைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அவளுக்கும் இஷ்டம்தான். அவள் அப்பா வேழமுத்து, அரண்மனை யானைக் கொட்டடிக்குத் தலைவர். பெரிசையே பார்த்துப் பழகின மனுஷர்.

"ஆள்தான் உயரமில்லை. உத்தியோகமாவது உயரமா இருக்க வேணாமா? களஞ்சியச் சாவியோட வா, பொண்ணைத் தர்றேன். இல்லேன்னா தை மாசம் வேற மாப்பிள்ளை" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"குனிஞ்சு பேசப்போறது நான். அப்பாவுக்கு ஏன் கழுத்து வலிக்குது?" என்றாள் செங்கமலம். அவள் பேச்சு அங்கே எடுபடவில்லை.

களஞ்சியக் காவலர் காலமாகி, சாவி அப்போதைக்கு மலையப்பரின் மச்சானிடம் இருந்தது. புதுக் காவலரை நியமிக்கும் நாள் வந்தது. உலகளந்தான் ராஜா முன்னால் போய் நின்றான்.

"மகாராஜா, அந்தச் சாவியை எனக்குக் கொடுங்க. சாவி வந்தாத்தான் பொண்டாட்டி வருவா."

மலையப்பர் சிரித்தார். "சாவி மாட்டுற ஆணி இவனுக்கு எட்டுமா மகாராஜா? அது கிடக்கட்டும். கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதேன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? என் மச்சானே இருக்கட்டும்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா மட்டும் மெத்தைமேல் நெளிந்தார். கோபப்பட்டால், "உமக்கு ஏன் உறைக்குது?" என்று ஆகிவிடும். வேறு வழியில்லாமல் தலையை ஆட்டிவைத்தார்.

உலகளந்தான் அதைப் பார்த்துவிட்டான். "மந்திரியாரே, பழமொழி பொய்க்காதா?"

"ஒரு எழுத்துகூடப் பொய்க்காது!"

"அப்போ முதல் பாதியையும் பார்த்துடலாம் மகாராஜா. சிறையில ஒரு கள்ளன் இருக்கானே, அவனைக் கூப்பிடுங்க."

களஞ்சியத்து நெல்லைத் திருடி, போன வாரம்தான் பிடிபட்டிருந்தான் மூக்கன். அவனை இழுத்து வந்தார்கள்.

"மூக்கா, களஞ்சியத்துப் பூட்டு உடையவே இல்லையே. நீ எப்படி உள்ளே போனே?" என்று கேட்டான் உலகளந்தான்.

"மந்திரியோட மச்சான்தான் திறந்துவிட்டாரு சாமி. நான் சுமந்தேன், அவ்வளவுதான். பாதி மூட்டை மந்திரி வீட்டுக்குத்தான் போச்சு."

மலையப்பர் பாய்ந்து முன்னால் வந்தார். "அபாண்டம்! மகாராஜா, போயும் போயும் கள்ளன் பேச்சையா நம்புறது?"

"நம்பலாம்னு இப்பத்தானே சொன்னீங்க?" என்றான் உலகளந்தான். "பழமொழி மெய்யின்னா நீங்க சிறைக்குப் போகணும். பொய்யின்னா சாவி எனக்கு வரணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"பொய்! பழமொழி சுத்தப் பொய்!" என்று அலறினார் மலையப்பர். ஆனாலும் மனுஷர் விடுவதாயில்லை. "பழமொழி போகட்டும் மகாராஜா. புராணம் பொய்யா? மாவலிச் சக்கரவர்த்தி ஒரு குள்ளனை நம்பித்தானே பாதாளத்துக்குப் போனான்?"

"நல்லா யோசிச்சுப் பாருங்க மகாராஜா," என்றான் உலகளந்தான். "குள்ளமா இருந்த வரைக்கும் பெருமாள் கேட்டது வெறும் மூணடி மண். நெட்டையா வளர்ந்த பிறகுதானே ராஜா தலையிலேயே காலை வச்சாரு? நீங்க யாரைப் பார்த்துப் பயப்படணும்?"

சபை மொத்தமும் மலையப்பரைத் திரும்பிப் பார்த்தது. அவர் கூனிக் குறுகி நின்றார். அப்போதும் உலகளந்தானைவிட உயரம்தான், பாவம்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சாவி உனக்குத்தான்டா! உலகத்தை அப்புறம் அளக்கலாம். முதல்ல மந்திரி வீட்டு நெல்லை அளந்துட்டு வா!"

சிரித்த சிரிப்பில் ஒரு மெத்தை நழுவி விழுந்தது. ராஜா சட்டென்று ஒரு சாண் இறங்கிப்போனார். ராஜா இன்னொரு மெத்தையையும் தாமே உருவி, இரண்டையும் உலகளந்தானிடம் வீசினார்.

"இந்தா, என் கல்யாணப் பரிசு. தாலி கட்டுறப்போ ஏறி நிக்க உதவும்."

"தாலியை மணையில உட்கார்ந்துதானே கட்டுவாங்க மகாராஜா! உட்கார்ந்துட்டா எல்லாரும் ஒரே உயரம்தான். இது உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

ராஜா அவனை முறைத்தார். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, சிம்மாசனத்திலிருந்து இறங்கி, சபை நடுவில் வந்து நின்றார்.

எல்லாரும் எதையும் பார்க்காதது மாதிரி தரையைப் பார்த்தார்கள். சாவி யாருக்கு என்று பார்க்க வந்து வாசலில் நின்றிருந்த வேழமுத்து மட்டும் தம்மை மறந்து உரக்கச் சொல்லிவிட்டார்:

"அட, ராஜாவே இவ்வளவுதானா! அப்போ என் மாப்பிள்ளை தேவலையே!"