அடியில் கிடந்த வெயில்

தென்துருவக் கடலுக்குப் போன அந்தக் கப்பலில் மாணவருக்கு வயது ஐம்பத்தாறு. ஆசிரியைக்கு முப்பத்து மூன்று. இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கப்பலில் இல்லை.

மாணவர் திருமேனி, பதினெட்டு வருஷமாகக் கப்பல்களில் வானிலை பார்ப்பவர். காற்று அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கடல் தெரியாது. அதனால் கடல் ஆய்வுக்கு வந்திருந்த அமலோற்பவத்திடம், புறப்பட்ட அன்றே போய், "எனக்குக் கடலைச் சொல்லித் தாங்க டீச்சர்" என்று கேட்டுவிட்டார். அவருக்கு அதில் கூச்சமே இல்லை.

கப்பலில் ஒரு வழக்கம் இருந்தது. சாப்பாட்டு அறைக் கரும்பலகையில் திருமேனி தினமும் காலையில் 'போகலாம்' என்றோ 'போகக் கூடாது' என்றோ எழுதுவார். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் பனிக்கட்டியில் இறங்குவார்கள். காலையில் எழுதியதை அன்றே அழித்து மாற்றி அவர் ஒரு தடவைகூட எழுதியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கரையோரம் கடல் உறைந்து கிடந்தது. அதன்மேல் கூடாரம் போட்டு, பத்து நாள் தங்கிச் சரக்கு இறக்கப் பதினான்கு பேர் தயாராக இருந்தார்கள். வாரக்கணக்கில் அடித்த கிழக்குக் காற்று ஒருநாள் நின்றது. திரும்பி வருமோ என்று திருமேனி மேலும் பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். வரவில்லை. 'போகலாம்' என்று எழுதினார். சாப்பாட்டு அறையே கைதட்டியது.

அந்தச் சந்தோஷத்தோடு பின்தளத்துக்குப் போனார். அமலோற்பவம் ஆழத்துத் தண்ணீரை மொண்டு வரக் கடலுக்குள் இறக்கிய குழாய்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"நல்ல நாள் டீச்சர். காற்றே இல்லை."

"காற்று இல்லைன்னா நல்ல நாளா அண்ணாச்சி?"

"பின்ன? குளிர் மைனஸ் எட்டு. கட்டி ரெண்டு மீட்டர் கனம். லாரியே நிக்கும். எது உருக்கும் அதை?"

அவள் இரண்டு டம்ளர்களை எடுத்தாள். ஒன்றில் கடலின் மேல்மட்டத் தண்ணீர். இன்னொன்றில் ஆழத்துத் தண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு சில்லு பனிக்கட்டியைப் போட்டுத் தளத்தில் வைத்தாள்.

"டீ குடிச்சிட்டு வருவோம்."

திரும்பி வந்தபோது முதல் டம்ளரில் சில்லு போட்டபடி கிடந்தது. இரண்டாவதில் சில்லைக் காணோம்.

திருமேனி அந்தத் தண்ணீரில் விரலை விட்டார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இதுவும் ஐஸ் மாதிரிதானே இருக்கு!"

"உங்க விரலுக்கு. கட்டிக்கு இது வெந்நீர்."

"எவ்வளவு ஆழத்துல எடுத்தீங்க?"

"போன மாசம் இதுக்கு நானூறு மீட்டர் இறங்கினேன். இன்னிக்கு எண்பதுலயே கிடைச்சிருச்சு."

"எப்படி ஏறி வந்தது?"

"கிழக்குக் காற்று அடிச்சப்போ மேல்தண்ணி எல்லாம் கரைப்பக்கம் வந்து குவிஞ்சது. அந்தப் பாரம் சூட்டை அடியில அமுக்கி வச்சிருந்தது. இப்போ..."

"இப்போ காற்று கையை எடுத்துருச்சு" என்றார் திருமேனி. பத்து நாளும் தான் காத்திருந்தது அந்தச் சூடு மேலே ஏறி வரத்தான் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

அமலோற்பவம் டம்ளர்களைக் கவிழ்த்தாள். "எனக்குத் தெரிஞ்சது தண்ணி. பலகை உங்களுது அண்ணாச்சி."

அவர் சாப்பாட்டு அறைக்கு ஓடினார். கூடார மூட்டைகள் வாசல் வரை வந்திருந்தன. பதினான்கு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளங்கையால் பலகையை அழித்தார். 'போகக் கூடாது' என்று எழுதினார். டம்ளர்களில் பார்த்ததைச் சொன்னார்.

"ரெண்டு டம்ளர் தண்ணியைப் பார்த்தா பயந்துட்டீங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"ஆமா" என்றார்.

நான்கு நாள் அவரோடு யாரும் பேசவில்லை. ஐந்தாம் நாள் நல்ல வெயில். இலை அசைய ஒரு மரம் இருந்திருந்தால் அதுவும் அசைந்திருக்காது. கூடாரத்துக்குக் குறித்து வைத்த சிவப்புக் கொடிகளின் நடுவே கட்டி கறுத்து, சத்தமே இல்லாமல் இரண்டாக விலகியது. நடுவில் கடல் தெரிந்தது. அதிலிருந்து மெல்ல ஆவி எழுந்தது.

எல்லோரும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். பயம் என்று மட்டும் சொன்னால் போதாது. கோயிலில் திரை விலகும்போது உடம்பு சிலிர்க்குமே, அது. மூட்டை தூக்கியவர்கள் திருமேனியைப் பார்க்கக்கூட மறந்து நின்றார்கள்.

திருமேனி தாழ்ந்த குரலில் கேட்டார். "இவ்வளவு சூடு எங்க இருந்து வந்தது டீச்சர்?"

"வடக்குக் கடல்கள்ல என்னைக்கோ அடிச்ச வெயில் அண்ணாச்சி. தண்ணியோட சேர்ந்து, அடியிலேயே நடந்து வந்திருக்கு."

"என்னைக்கோன்னா?"

"நம்ம முப்பாட்டன் பொறக்குறதுக்கும் முந்தி."

அவர் அந்த ஆவியைக் காட்டிக் கேட்டார்.

"இத்தனை காலமும் ஏன் மேல வரல?"

"காற்று விடல அண்ணாச்சி."