வார்த்தை எடுத்துக் கொடுத்த டீச்சர்

"இவங்களுக்கு வாயே கிடையாது மேடம்," என்றாள் சௌந்தரவல்லி. "கல்லைக்கூடப் பேச வெச்சிரலாம். இவங்களைப் பேச வைக்க முடியாது."

தேன்மொழி நிமிர்ந்து பார்த்தாள். பேனாவை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இடம் மலேசியாவில் பினாங்கு. பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர்களைத் தயார் செய்யும் ஒரு சின்னப் பயிற்சிப் பள்ளி.

சௌந்தரவல்லி கோவில்பட்டிக்காரி. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தலை நரைக்கும்வரை ஆங்கிலம் நடத்திவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவள். வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்சுகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஊரில் ஒரு நிறுவனம் அவளைக் கூப்பிட்டிருந்தது. இந்தப் பயிற்சிச் சான்றிதழ் இருந்தால்தான் வேலை என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

தேன்மொழி அவளுடைய பயிற்சியாளர். ஈப்போவில் பிறந்து வளர்ந்த பெண். சௌந்தரவல்லியின் மகள் வயதுதான் இருக்கும். அவள் சௌந்தரவல்லியை அக்கா என்பாள், இவள் அவளை மேடம் என்பாள். குருவுக்கு வயது ஏது என்று சௌந்தரவல்லி முதல் நாளே மனதைச் சமாதானம் செய்துகொண்டாள். அது முழுச் சமாதானம் ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் நிஜமான மாணவர்கள் வருவார்கள். மியான்மர், இந்தோனேசியா, வியட்நாம் என்று பல ஊர்க்காரர்கள். வேலை முடிந்த களைப்போடு, கட்டணமில்லாத வகுப்புக்கு வருகிறவர்கள். பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் முறை வைத்து அவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். தேன்மொழி கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனிப்பாள். முடிந்ததும் பாஸா பெயிலா என்று சொல்வாள்.

சௌந்தரவல்லி இரண்டு வகுப்பிலும் பெயில். நாளைக்கு மூன்றாவது. அதுவும் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஊரில் எத்தனையோ பேருக்குப் பெயில் போட்ட கை அவளுடையது. தனக்கு ஒருத்தர் போட்டு அவள் பார்த்ததில்லை.

"என் உச்சரிப்பு சரியில்லையா மேடம்?"

"நல்லா இருக்கு அக்கா."

"கிராமர்?"

"அதுல உங்களைக் குறை சொல்ல முடியுமா?"

"போர்டு எழுத்து?"

"முத்து முத்தா இருக்கு."

"அப்போ எதுக்கு மேடம் பெயில்?"

தேன்மொழி எழுந்தாள். "வாங்க அக்கா, ஏதாவது குடிச்சிட்டு வரலாம்."

சௌந்தரவல்லியின் பாடம் நடத்தும் பாணியை இங்கே சொல்லிவிட வேண்டும். நம்மூரில் படித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வாக்கியத்தை ராகம் போட்டு இழுத்துக்கொண்டு போய், கடைசிச் சொல்லில் பாதியைச் சொல்லி நிறுத்துவாள். மீதிப் பாதியை வகுப்பு முழுக்கக் கூரை அதிரச் சொல்லும். தலைமையாசிரியர் அறைவரைக்கும் கேட்கும். தலைமையாசிரியரும் தலையாட்டிக்கொள்வார்.

பினாங்கிலும் அப்படித்தான் நிறுத்தினாள். பெரியவர்கள் அவளையே பார்த்தார்கள். ஏன் நிறுத்தினாள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பாவம், அவளே மீதியையும் சொல்லிக்கொண்டாள்.

யாராவது தப்பித் தவறி வாயைத் திறந்தாலும், அவர்கள் திக்குவதற்குள் மிச்சத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர்களும் "எஸ் டீச்சர்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார்கள். அதிலும் மியான்மர்க்காரி நிலார் இருக்கிறாளே, கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள், அவள் "எஸ் டீச்சர்" தவிர வேறொன்றும் சொல்லி யாரும் கேட்டதில்லை.

தெருமுனைக் கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். கடைக்காரர் வந்து நின்றார்.

"எனக்கு ஒரு..." என்றாள் சௌந்தரவல்லி.

"டீ," என்றாள் தேன்மொழி.

"டீ வேண்டாம் மேடம், சும்மா ஒரு..."

"காபி."

"அதில்ல, தொண்டை கட்டியிருக்கு, அதான்..."

"இஞ்சி டீ. நிறைய பால், நிறைய சீனி."

கடைக்காரர் போய்விட்டார். சௌந்தரவல்லிக்குச் சர்க்கரை வியாதி. அவள் கேட்க வந்தது ஒரு டம்ளர் சுடுதண்ணீர்.

"வீட்டுக்காரர் என்ன பண்றாரு அக்கா?"

"தீப்பெட்டி..."

"கம்பெனியில வேலை செய்றாரா? நல்லது."

அவர் தீப்பெட்டிக் கம்பெனிக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்தார்.

"பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு. அவளுக்கு..."

"கல்யாணம் ஆயிடுச்சு. பேரன் பேத்தி எல்லாம் இருக்கும்."

கல்யாணம் ஆகவில்லை. இரண்டு இடத்தில் பேசி, இரண்டும் தட்டிப்போய், அந்த வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

"ஆமா மேடம்," என்றாள் சௌந்தரவல்லி.

"ஊருல நல்ல மழையா?"

"ஆமா மேடம்."

"பினாங்கு பிடிச்சிருக்கா?"

"ஆமா மேடம்."

டீ வந்தது. தேன்மொழி தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

"சில பேருக்கு வாயே கிடையாது. என்ன பண்றது சொல்லுங்க."

சௌந்தரவல்லிக்குச் சுருக்கென்றது. கோவில்பட்டியில் அவள் பேச்சை நிறுத்தப் பள்ளிக்கூட மணியே அடிக்க வேண்டும். முதலில் கோபம் வந்தது. இவள் வயதென்ன, என் சர்வீஸ் என்ன என்று உள்ளுக்குள் கொதித்தது. அப்புறம் வெட்கம் வந்தது. கோபம் சீக்கிரம் போய்விட்டது, வெட்கம் போகவில்லை. டீயில் ஆடை படர்ந்துகொண்டிருந்தது.

டம்ளரை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கேட்டாள். "நாளைக்கு நான் எப்படி நடத்தட்டும் மேடம்?"

"டீக்கு நான் கொடுக்கிறேன் அக்கா," என்று சொல்லிவிட்டு தேன்மொழி எழுந்து போனாள்.

மறுநாள் சாயங்காலம் சௌந்தரவல்லி நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள். பெயிலானாலும் அழுக்குச் சேலையில் ஆகக் கூடாது.

கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினாள். உங்கள் ஊரில் எது விசேஷம்? எழுதிவிட்டு நிலாரைப் பார்த்தாள்.

நிலார் கேள்வியைப் பார்த்தாள். தன் கைகளைப் பார்த்தாள். மின்விசிறி சுற்றியது. யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

வகுப்பில் பேச்சே இல்லாமல் நிற்பது சௌந்தரவல்லிக்குப் பழக்கமில்லை. நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசி வரிசையில் தேன்மொழி ஏதோ எழுதுவது தெரிந்தது. பக்கத்தில் இருந்த சக பயிற்சியாசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மை டவுன்..." என்றாள் நிலார். அதோடு நின்றுவிட்டாள்.

ஆறு. கோயில். சந்தை. சௌந்தரவல்லியிடம் சொற்கள் வரிசையில் நின்றன. பழக்கம் யாரை விட்டது? அவளை அறியாமல் வாய் திறந்துகொண்டது.

நிலார் கையைத் தூக்கினாள். உள்ளங்கை டீச்சரின் முகத்துக்கு நேரே இருந்தது.

"டீச்சர். ப்ளீஸ் ஸ்டாப். ஐ ஸ்பீக்."

இந்தோனேசியாக்காரர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். தேன்மொழியின் பேனா நின்றது.

கோவில்பட்டியில் ஒரு பிள்ளை இப்படிச் சொல்லியிருந்தால் அதன் அப்பா மறுநாள் வந்து கைகட்டி நின்றிருப்பார். சௌந்தரவல்லி தனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ பூரித்துக்கொண்டு வந்தது. இந்தச் சொற்களை நிலாருக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

ஒரு நாற்காலியை இழுத்து, நிலாருக்குப் பக்கத்தில், மாணவர்களோடு உட்கார்ந்துகொண்டாள். சர்வீஸில் ஒரு நாள்கூட அவள் வகுப்பில் உட்கார்ந்து பாடம் நடத்தியதில்லை.

நிலார் பேசினாள். எங்கள் ஊரில் பெரிய பாலம் இருக்கிறது. என் அப்பா அதில் வேலை செய்தார். எல்லாரும் அதன்மேல் நடப்பார்கள், எனக்கு மட்டும் பயம், அப்பா திட்டுவார். இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. இலக்கணம் நொண்டிக்கொண்டே கூட வந்தது. திருத்தப் பரபரத்த கைகளைச் சௌந்தரவல்லி தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டாள்.

பாலம் எவ்வளவு நீளம் என்று கேட்டான் ஒரு வியட்நாம் இளைஞன். நிலார் சொன்னாள். எங்கள் ஊர்ப் பாலம் அதைவிடப் பெரியது என்றான் அவன். இருக்காது என்றாள் அவள். இந்தோனேசியாக்காரர் பஞ்சாயத்துக்கு வந்தார். ஆளாளுக்கு உடைந்த ஆங்கிலத்தில் சண்டை போட்டார்கள். யாரும் டீச்சரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நேரம் முடிந்தபோது சௌந்தரவல்லி திட்டம் போட்டு வைத்திருந்த பாடத்தில் பாதிகூட நடந்திருக்கவில்லை.

"பாடத்தை முடிக்கல. ஸ்டூடண்டே நிறுத்துன்னு சொல்லிட்டா. அவ்வளவுதான், பெயில்தான்," என்று சக ஆசிரியர் ஒருவர் வருத்தத்தோடு சொன்னது அவள் காதில் விழுந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தேன்மொழி வராந்தாவில் அவளைப் பிடித்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்."

"கேட்டீங்களா மேடம்? அப்பா திட்டுவாருன்னு சொன்னாளே, கேட்டீங்களா?"

"கேட்டேன். உங்க ரிசல்ட்..."

"அந்தத் தம்பி குறுக்குக் கேள்வி கேட்டான், அசரவே இல்ல பாருங்க. கேட்ட கேள்விக்குப் பட்டுனு பதில் சொன்னா."

"அக்கா, நீங்க பாஸ்."

"அது கெடக்கட்டும் மேடம்," என்றாள் சௌந்தரவல்லி. முகமெல்லாம் சிரிப்பு. "என்னையே நிறுத்திட்டா, பார்த்தீங்களா?"