கதவில்லாத குகை

அந்தக் காலத்தில் கரடிக்கும் கரையானுக்கும் பேச்சுவார்த்தை இருந்தது. நம் மலைக் கரடிகளின் முன்னோர் அப்போது பனி பெய்யும் வடமலையில் குடியிருந்தார்கள். பனிக்காலம் முழுக்கக் குகைக்குள் தூங்குவார்கள். மண் குழைத்துக் குகை வாசலை அடைத்துக் கொடுப்பது கரையான்களின் வேலை.

சடையன் என்ற குட்டிக்கரடிக்கும் அவன் தங்கை பஞ்சிக்கும் அந்த வருஷம்தான் முதல் பனித்தூக்கம்.

"வயிறு தரையில இழுபடுற வரைக்கும் தின்னுங்க" என்று சொல்லிவிட்டு, தாய்க்கரடி தன் குகைக்குப் போய்க் கரையான்களை வைத்து வாசலை அடைத்துக்கொண்டாள்.

சடையன் தேனும் கிழங்குமாகத் தின்று தீர்த்தான். பஞ்சி பூஞ்சை உடம்புக்காரி, பாதியிலேயே போதும் என்றாள். அவள் குளிர் தாங்கமாட்டாள் என்று அவளைப் பக்கத்துக் குகையில் உள்ளே தள்ளிப் படுக்கவைத்துவிட்டு, இவன் வாசலோரம் படுத்தான்.

கரையான்கள் வந்தார்கள். "தம்பி, நீ வாயை மூடிக்கிட்டுப் படு. வாசலை நாங்க மூடிடுறோம்" என்றார் பெரிய கொத்தனார்.

சுவர் பாதி எழும்பியபோது ஒரு கரையான் கால் தவறிச் சடையனின் உதட்டில் விழுந்தது. நக்கிப் பார்த்தான். அரிசிப்பொரி மாதிரி இருந்தது. ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவுமாம். இவனுக்குத் தாவும் சிரமம்கூட இல்லை.

"அண்ணே, என்ன மெல்லுறே?"

"ஒண்ணுமில்ல, தூங்கு."

கொத்தனார் திரும்பிப் பார்த்தார். ஆட்களில் பாதிப் பேரைக் காணோம். "உனக்கும் உன் பிள்ளைகுட்டிக்கும் இனி கதவு கிடையாது" என்று சொல்லிவிட்டு, மிச்சம் இருந்தவர்களோடு மண்ணுக்குள் இறங்கிவிட்டார்.

பாதிச் சுவரைத் தாண்டிப் பனிக்காற்று உள்ளே புகுந்தது. பஞ்சி நடுங்கினாள், பிறகு நடுக்கமும் நின்றது. அப்போதுதான் சடையனுக்குப் பயம் வந்தது. தாயின் குகையைத் தட்டிப் பார்த்தான். உள்ளே நல்ல தூக்கம். தங்கையை முதுகில் ஏற்றிச் சடைமுடிக்குள் புதைத்துக்கொண்டு, பனி தீரும்வரை தெற்கே நடந்தான்.

நம் மலை வெயில் பட்டதும் பஞ்சி கண் திறந்தாள். "தூக்கம் வருது அண்ணே. கொத்தனாரைக் கூப்பிடு."

சடையன் ஒரு புற்றில் வாய்வைத்து ஊதினான். "கொத்தனாரே, புத்தி கெட்டுப் பண்ணிட்டேன். வெளிய வாங்க."

இளகிய மனசுக்காரக் கரையான் ஒருவர் எட்டிப் பார்த்தார். சடையனுக்கு வாய் ஊறியது.

அன்று முதல்தான் நம் கரடி குட்டியை முதுகில் சுமக்கிறது, பனிக்காலத்திலும் தூங்காமல் அலைகிறது, புற்றுப் புற்றாக வாய்வைத்து ஊதுகிறது. மனசார வருந்தித்தான் கூப்பிடுகிறது. வந்தவரைத் தின்றுவிடுகிறது.