பழி சொன்னவன் சுமந்த குடம்

ஏரிக்குக் கரை கட்டி, கரைக்குக் காவல் வைத்து, அந்தக் காவலுக்கும் காவலாக எல்லையில் ஒரு காளியைக் குடிவைத்து மனிதர்கள் வாழ்ந்த காலம் அது. ஏரி வற்றினால் ஊரே வற்றிப்போகும். அந்தக் காலத்தில் மருதங்கரை என்ற ஊரில் ஏறன் என்றொரு உழவன் இருந்தான். கேளுங்கள், பெரியவர்களே. பிள்ளைகளே, நீங்கள் அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டு கேளுங்கள். இந்தக் கதையில் பாம்பு வருகிறது.

ஏறன் கெட்டவன் இல்லை. அவசரக்காரன், அவ்வளவுதான். அந்த ஊரில் ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். இன்று இவர் வயல் என்றால் நாளை அடுத்தவர் வயல். ஏறனின் முறை வருவதற்குள் அவன் நெற்பயிர் வாடத் தொடங்கிவிட்டது. பொறுக்கமாட்டாமல் ஒரு விடியற்காலையில் ஏரிக்குப் போய் மதகின் அடைப்புக் கட்டையைத் தூக்கினான். கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொண்டு மூடிவிடலாம் என்பது அவன் கணக்கு.

ஈரக் கட்டை கை நழுவியது. வெள்ளம் அதை இழுத்துக்கொண்டு போனது. மண்ணை அள்ளிப் போட்டான், கல்லைப் புரட்டிப் போட்டான், மேல்துண்டைச் சுருட்டித் திணித்தான். எதுவும் நிற்கவில்லை. ஊர் விழித்து ஓடி வந்து மதகை அடைப்பதற்குள் பாதி ஏரி வடிந்து ஆற்றோடு போய்விட்டது.

"யார் செஞ்ச வேலை இது?" என்று ஊர்ச் சபைத் தலைவர் கரைமேல் நின்று கத்தினார்.

"மீன் பிடிக்கிறவங்க வேலையா இருக்கும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

ஊர் தன்னைக் கிழித்துப்போடும் என்று ஏறன் நடுங்கினான். அந்த நடுக்கத்திலேயே வாய் திறந்தது.

"ஆமாங்க. வேம்பிதான் கட்டையைத் தூக்கினா. என் கண்ணால பார்த்தேன்."

வேம்பி அந்த ஏரியில் வலை போட்டு, மீன் விற்றுப் பிழைப்பவள். கைக்குழந்தைக்காரி. அபராதம் போடுவார்கள், நாலு நாள் அழுவாள், பிறகு எல்லாம் மறந்துபோகும் என்று ஏறன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

வேம்பி அழவில்லை. குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"பாம்புக் குடம் வைங்க சாமி. நான் கை விடறேன்."

அந்நாளில் அப்படியொரு வழக்கம் இருந்தது. குடத்துக்குள் நல்ல பாம்பை விட்டு, கூடவே ஒரு மோதிரத்தையும் போடுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் உள்ளே கையை விட்டு மோதிரத்தை எடுக்க வேண்டும். பாம்பு தீண்டாவிட்டால் குற்றமில்லை. தீண்டிவிட்டால்? அதைச் சொல்லவும் வேண்டுமா?

அந்த வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. புற்றடியில் பாம்பு அடைத்த குடத்தைக் கோவில் வாசல் வரை பழி சொன்னவன்தான் தலையில் சுமக்க வேண்டும். வழியில் மூன்று சுமைதாங்கிக் கற்கள். ஒவ்வொன்றிலும் குடத்தை இறக்கிவைத்து, சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். முதல் கல்லில் வாங்கினால் அந்தப் போகத்துக்கான அவன் முறைத் தண்ணீர் போகும். இரண்டாம் கல்லில் வாங்கினால் வயல் போகும். மூன்றாம் கல்லில் வாங்கினால் ஊரை விட்டே போக வேண்டும். அதையும் தாண்டிவிட்டால் சொல்லைத் திரும்ப வாங்க ஒரே வழிதான். குற்றம் சாட்டப்பட்டவர் கைக்குப் பதிலாகத் தன் கையைக் குடத்துக்குள் விட வேண்டும்.

பிடாரன் பாம்பைப் பிடித்துக் குடத்தில் விட்டு, வாயைத் துணியால் கட்டி, ஏறன் தலையில் ஏற்றினான். இடுப்பில் கத்தியோடு அவனும் கூட நடந்தான்.

உள்ளே அது வழுக்கிச் சுற்றுவது ஏறனின் உச்சந்தலைக்குத் தெரிந்தது. சும்மாடு வியர்வையில் நனைந்தது. துணியின் முடிச்சு தளர்ந்துவிட்டதோ? நிமிர்ந்து பார்க்கவும் முடியாது.

முதல் கல் வந்தது. குடத்தை இறக்கினான்.

"ஐயா சொன்ன சொல் நிக்குதுங்களா?" என்று பிடாரன் கேட்டான்.

தண்ணீர் போனால் பயிர் போகுமே! "நிக்குது" என்றான் ஏறன், ஊருக்கே கேட்கும்படி.

இரண்டாம் கல்லுக்குப் போவதற்குள் குடத்துக்குள்ளிருந்து சீறல் எழுந்தது. கல்லில் குடத்தை இறக்கினான். ஆனால் அப்பன் உழுத வயலை எப்படி விடுவது? "நிக்குது" என்றான். இம்முறை அது பிடாரனுக்கு மட்டும் கேட்டது.

மூன்றாம் கல்லிலிருந்து பார்த்தால் காளி கோவில் தெரியும். வாசலில் வேம்பி நின்றாள். அவள் குழந்தை பசித்துக் கத்திக்கொண்டிருந்தது. முதல் கல்லிலேயே சொல்லியிருந்தால் ஒரு போகத்தோடு போயிருக்குமே என்று ஏறன் உள்ளுக்குள் புலம்பினான். ஊரை விட்டு எங்கே போவது? எந்த ஊரில் யார் சோறு போடுவார்கள்? பிடாரன் மறுபடி கேட்டான். ஏறன் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினான்.

கோவில் வாசலில் குடத்தை வைத்தார்கள். துணியை அவிழ்த்தார்கள்.

வேம்பி வளையலைக் கழற்றி வைத்தாள். குளித்த ஈரம் காயாத கையை ஏறன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீ பார்த்ததாச் சொன்ன கை இதுதானாண்ணே? நல்லாப் பார்த்துச் சொல்லு."

ஏறன் பார்த்தான். வலைக்கயிறு அறுத்துக் காய்த்துப்போன கை. அது குடத்தின் வாயை நெருங்கியது. மணிக்கட்டு வரை போனது. அதுவரை ஏறன் தனக்காகவே பயந்திருந்தான். அந்த நொடியில்தான் முதன்முதலாக அவளுக்காகப் பயந்தான். அது முந்தைய பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"வேண்டாம் தாயி!" என்று அலறிக்கொண்டு அவள் கையைப் பிடித்து இழுத்தான். "கட்டையைத் தூக்கினது நான். நான்தான்!"

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். வழக்கத்தை மாற்ற அவராலும் முடியாது. ஏறன் மண்டியிட்டு, தன் கையைக் குடத்துக்குள் விட்டான்.

பாம்பு தீண்டியது. பிடாரன் ஒரு கணமும் தயங்கவில்லை. விஷம் ஏறுமுன் கடிபட்ட இரண்டு விரலையும் வெட்டி எறிந்தான். ஏறன் பிழைத்தான்.

வேம்பிதான் தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அந்தக் கையைக் கட்டினாள். கட்டி முடிக்கும்வரை அவனோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அவன் சாகும்வரை பேசவில்லை. விரல் போனதை ஏறன் சீக்கிரம் மறந்தான், இதை மறக்கவில்லை.

அதன்பின் மருதங்கரையில் யாராவது யார்மேலாவது பழி சொல்ல வாயெடுத்தால், கூட்டம் மெல்லத் திரும்பி ஏறனின் கையைப் பார்க்கும்.

தன் குற்றத்தைப் பிறர் தலையில் ஏற்றுகிறவன் கடைசியில் தானே அதைச் சுமக்க வேண்டும், இறக்கிவைக்கத் தாமதிக்கத் தாமதிக்க அதன் விலையும் கூடிக்கொண்டே போகும்.