இருபது நியூட்ரான்

கோமதிநாயகத்துக்கு வயது நாற்பத்தாறு. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக அணுக்கரு ஆராய்ச்சி செய்துவந்தார். அவருக்கு வழிகாட்டி ஆக்னஸ் ரூபி, பத்து வயது இளையவர். என்றாலும் குரு குருதான். அவர் முன்னால் கோமதிநாயகம் நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார்ந்ததில்லை.

அன்று விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் தம் முறைக்காகக் காத்திருந்தார். அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் படித்த மாசானம் என்ற பையன், விடுதி அறையில் உயிரை மாய்த்துக்கொண்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. கூடத்தில் ஆக்னஸையும் சேர்த்துப் பதினான்கு பேர். ஒவ்வொருவராக உள்ளே அழைத்துக்கொண்டிருந்தார்கள். குற்றம் என்று முடிவானால் ஆராய்ச்சியும் போகும், கல்லூரி வேலையும் போகும்.

சற்று முன் வெளியே வந்த ஒருவன், “பல்லைப் பிடுங்குறதைவிட சீக்கிரம் முடிஞ்சிடும் சார்” என்று சிரித்துவிட்டுப் போனான்.

வழிகாட்டி என்பதால் காலையிலிருந்து உள்ளேயே இருந்த ஆக்னஸ், வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மேடம், நான் என்ன செஞ்சேன்? அவன் இங்கிலீஷில் தடுமாறினப்போ எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவனை விட்டுட்டு வேற வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சாங்க. என்னைச் சேர்த்தாங்க, இருந்தேன். அவ்வளவுதான்.”

“நீங்க அளந்த அணுக்கரு என்ன வடிவம் சார்?”

இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று தோன்றியது. ஆனாலும் சொன்னார்.

“பன்னிரண்டு புரோட்டான், இருபது நியூட்ரான். இருபதுங்கிறது நிறைஞ்ச எண்ணிக்கை. உருண்டையா இருக்கணும். ஆனா முட்டை மாதிரி நீண்டு, மொத்தமா சுழலுது.”

“எந்த நியூட்ரான் அதை இழுத்து நீட்டுச்சு?”

“தனியா எதுவும் இல்ல மேடம். ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் நகருது.”

“ம்.”

கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவர். வாய் சும்மா இருக்குமா?

“ஒண்ணை எடுத்துட்டாலும் அது நீண்டுதான் இருக்கும் மேடம். பத்தொன்பது நியூட்ரான் இருக்கிறதையும் அளந்தாச்சு, உருண்டை ஆகல. நான் சிரிக்காம இருந்திருந்தாலும் அந்தப் பையன் செத்துத்தான் இருப்பான்.”

“கணக்கு சரிதான்.”

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. “நீங்களும்தானே அங்கே இருந்தீங்க?”

“இருந்தேன். பார்த்தும் வாய் திறக்கல. முதல் ஆளா அதைத்தான் உள்ள சொன்னேன்.”

கதவு திறந்தது. உதவியாளர் எட்டிப் பார்த்து, “கோமதிநாயகம் சார், நீங்கதான் கடைசி” என்றார்.

அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “இப்ப உங்ககிட்ட சொன்னதை அங்கே அப்படியே சொல்லிடவா மேடம்?”

“சொல்லுங்க. எனக்குப் பிறகு வந்த பன்னிரண்டு பேரும் அதையேதான் சொன்னாங்க. மாசானத்தோட அப்பா உள்ள ஒரு ஓரமா உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுட்டே இருந்தார். இப்பதான் என் பக்கம் திரும்பிக் கேட்டார், ‘எம் பிள்ளைய ஒண்ணுமே செய்யாதவங்க இத்தனை பேரா தாயி?’ன்னு.”